முழங்கால் தண்ணீரில் ஒரு கூடைப் பிண்ணாக்கு

துர்கை துணை
ராணாகாட்
4 மே 1986

சுபிமல்,

ஆசீர்வாதம். போன ரெண்டு கடிதத்துக்கும் உன்கிட்ட இருந்து பதில் இல்ல. தபால்காரன் மேல சந்தேகப்பட்டு அவனை வழியில நிறுத்திக் கேட்டேன். "காஞ்சிலால் பாபு, துர்காபூர்க் கடிதம் வந்தா நான் என்ன வறுத்தா சாப்பிடுவேன்?"னு கேட்டுட்டு சைக்கிளை மிதிச்சுட்டுப் போறான். ரயில்ல கார்டா இருந்தப்ப நான் விசில் ஊதினா ஒரு வண்டியே நிக்கும். இப்ப தபால்காரன் கூட நிக்க மாட்டேங்கிறான்.

விஷயத்துக்கு வரேன். இந்த வருஷம் மாப்பிள்ளை சஷ்டி ஜூன் பதிமூணு, வெள்ளிக்கிழமை. உன் மாமியார் புது பனையோலை விசிறி வாங்கி வச்சுட்டா. உன்னைப் பலகையில உக்கார வச்சு, மணிக்கட்டுல மஞ்சக்கயிறு கட்டி, விசிறியால வீசி வாழ்த்தி, பெரிய மீன் தலையை உன் தட்டுல வைக்கணும். வருஷத்துல அவளுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாள்தான். டுலி போன பிறகும் நீ ரெண்டு சஷ்டிக்கும் வந்தே. பொண்ணே இல்ல, அப்புறம் என்ன மாப்பிள்ளைன்னு தெருவுல பேசினாங்க. பேசட்டும், அவங்க வாய்க்கு நானா பூட்டுப் போட முடியும்?

நம்ம குளம் இடுப்பளவுக்கு வந்துடுச்சு. இந்தக் கோடையில ஒரு புயல் மழை கூட எட்டிப் பாக்கல. காலையில போனா ஜமீன்தாரோட முதுகுச் செதில் தண்ணிக்கு மேல தெரியுது. அந்தப் பெரிய கட்லாவுக்கு அந்தப் பேரை டுலிதான் வச்சா, உனக்கு ஞாபகம் இருக்கும். அகல வாயும் தொப்பையும் பாத்துட்டு, "பாபா, இது வரி வசூல் பண்ண வந்திருக்கு"ன்னா.

போன வருஷம் நீ மைதாவும் பன்னீரும் பிசைஞ்சு தூண்டில்ல வச்சே. நான் முசுறு எறும்பு முட்டைதான்னு சொன்னேன். சண்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் ரெண்டு கரையில முதுகைக் காட்டி உக்காந்தோம். பொழுது சாயுற வரைக்கும் ஒரு விரல் நீளக் கெண்டை கூட சிக்கல. உன் மாமியார் கடைத்தெருவுல மீன் வாங்கி உன் தட்டுல வச்சா. சொந்தக் குளம் இருக்கிறவன் வீட்டுல கடை மீன்! எனக்கு அந்த அவமானம் இன்னும் ஆறல.

அதனால இந்தத் தடவை இப்பவே இரை போட ஆரம்பிச்சுட்டேன். வறுத்த கடுகுப் பிண்ணாக்கு, தவிடு, வெந்தயம், நெய்க்கசடு, புளிச்சுப்போன வெல்லப்பாகு எல்லாத்தையும் களிமண்ணோட பிசைஞ்சு உருண்டை பிடிச்சு, கொய்யா மரத்தடியில ஒரே இடத்துல போடறேன். தினம் அங்கேயே வந்து தின்னு பழகினா, அது தன் வீடுன்னு நினைச்சுக்கும்ல. நீ வர்ற அன்னைக்குத் தூண்டில் போட்டாப் போதும்.

எந்த வண்டியில வர்றேன்னு எழுது.

உன் பாபா


துர்காபூர்
15 மே 1986

மரியாதைக்குரிய பாபாவுக்கு,

வணக்கம். தபால்காரரைத் திட்ட வேண்டாம். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். ஆலையில் இந்த மாதம் முழுக்க எனக்கு இரண்டாவது ஷிப்ட். வந்து படுத்தால் மறுநாள் பத்து மணிக்குத்தான் கண் திறக்கிறது. என் தாயாருக்கும் முட்டிவலி அதிகம்.

சஷ்டிக்கு விடுப்பு கிடைப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே மா எனக்காக எதையும் வாங்கி வைக்க வேண்டாம்.

இரை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆழமான குளத்துக்குப் போடுகிற கணக்கில் இப்போது போடக் கூடாது. தண்ணீர் குறைவு, வெயில் அதிகம். தின்றது போக மிஞ்சும் பிண்ணாக்கு அடியில் அழுகினால் தண்ணீரே கெட்டுவிடும். இடுப்பளவு தண்ணீருக்கு ஒரு கைப்பிடி போதும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தூண்டிலில் ஈயக்குண்டு வேண்டாம், அது தொப்பென்று விழுந்தால் மீன் அந்தப் பக்கமே வராது. மயிலிறகுத் தண்டை மிதவையாகக் கட்டி, மெல்லிய நரம்பில், இரை தன் கனத்திலேயே இறங்கும்படி விடுங்கள். கரையில் நிற்காதீர்கள், உங்கள் நிழல் தண்ணீரில் விழும். நாலடி பின்னால் தள்ளிக் குந்தி உட்காருங்கள். காலையில் தண்ணீர் சூடாவதற்கு முன்னால்தான் கெண்டை கரையோரம் மேயும். சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பினால் அது அடியைக் கிளறுகிறது என்று அர்த்தம். அந்தக் குமிழிக்கு ஒரு முழம் முன்னால் போடுங்கள், மேலேயே போடாதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஏதோ எழுதத் தோன்றியது.

மாவுக்கு என் வணக்கம்.

சுபிமல்


துர்கை துணை
ராணாகாட்
20 மே 1986

சுபிமல்,

ஷிப்டாம் ஷிப்ட்! முப்பது வருஷம் ரயில்ல ஓடினவன்கிட்ட விடுப்புக் கதை சொல்றியா? என் கல்யாணத்துக்கே நான் சரக்கு வண்டியில வந்து இறங்கினவன். வரணும்னு நினைச்சா வரலாம். நினைக்கலன்னா ஆயிரம் முட்டிவலி கிடைக்கும்.

ஒரு கைப்பிடி போதும்னு எழுதியிருக்கே. கைப்பிடி போட்டு ஜமீன்தாரை வரவழைக்க முடியுமா? அவன் என்ன பிச்சைக்காரனா? நான் என் கணக்குல போடறேன். பக்கத்து வீட்டு கோபேன் பிஸ்வாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "என்ன காஞ்சிலால் பாபு, மாப்பிள்ளைக்கு விருந்தா, மீனுக்கு விருந்தா?"ன்னு இளிக்கிறான். "உனக்கு மாப்பிள்ளையும் இல்ல, குளமும் இல்ல, வாயை மூடு"ன்னேன்.

ஆனா நிழல் விஷயம் நீ சொன்னது சரி. நாலடி பின்னால உக்காந்தேன். குந்தி உக்கார முடியல, மணை போட்டுக்கிட்டேன். முசுறு முட்டையை ரொட்டியோட நெய் விட்டுப் பிசைஞ்சு வச்சேன். கொய்யா மரத்துல முசுறுக்கூடு பிரிக்கப் போய் கழுத்தெல்லாம் கடிச்சு வச்சிருக்கு. குமிழி வந்துச்சு. மயிலிறகுத் தண்டு லேசா சாஞ்சுது, நிமிர்ந்துது, மறுபடி சாஞ்சுது. இழுத்தேன். ஒரு ரோகுக் குஞ்சு. உள்ளங்கை அகலம். திருப்பி விட்டுட்டேன். உன் மாமியார் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. "கிடைச்சுதா?"ன்னு கேட்டா. "வளரணும்"னேன்.

நெய் மணம் வந்தாலே எனக்கு டுலி ஞாபகம்தான். மீனுக்குப் பிசைஞ்ச மாவுல பாதியை அவ தின்னுடுவா, முட்டையைப் போடறதுக்கு முன்னாடி. உனக்கும் ஒரு உருண்டை ஊட்டி விட்டா, கல்யாணமான முதல் சஷ்டியில. நீ வெக்கப்பட்டு முழுங்கினே. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். எனக்கு அவ இல்லாம ரொம்ப கஷ்டமா இருக்கு சுபிமல். யார்கிட்ட சொல்றது? உன் மாமியார்கிட்ட சொன்னா அவ சாப்பிட மாட்டா. உன்கிட்டதான் சொல்ல முடியும். அதுக்காகவாவது வா.

போன வருஷ மைதாச் சண்டை இன்னும் மனசுல இருந்தா, சரி, இந்த வருஷம் மைதாவே வச்சுக்கோ. ரெண்டு தூண்டில் போடுவோம், எதுல சிக்குதுன்னு பாத்துடலாம்.

உன் பாபா


துர்காபூர்
29 மே 1986

மரியாதைக்குரிய பாபாவுக்கு,

வணக்கம். மைதாச் சண்டையை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆஷாட மாதக் கடைசியில், ஜூலை நடுவில், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பாங்குராவில் பெண் வீடு. என் தாயார் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த மாசி மாதம் சரி என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை பாபா. நானேதான் சொன்னேன்.

ஷிப்ட் முடிந்து வந்து, மூடி வைத்த சோற்றைத் திறந்து, விளக்கைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டுப் படுப்பது சலித்துவிட்டது. டுலியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் நான் என்ன செய்ய முடியும்? மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, "பயப்படாதே, சஷ்டிக்குள் எழுந்துவிடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தை வருடா வருடம் சஷ்டி நெருங்கும்போது என் காதில் கேட்கிறது. உங்கள் வீட்டுப் பலகையில் உட்காரும்போது அதிகமாகக் கேட்கிறது.

இப்போது சொல்லுங்கள், நான் எப்படி வந்து உட்காருவேன்? மா என் கையில் கயிறு கட்டி, தன் மகளின் புருஷன் என்று வாழ்த்துவார். அடுத்த மாதம் நான் இன்னொரு வீட்டு வாசலில் மணையில் நிற்பேன். தெரியாமல் வாங்கிக்கொண்டால் அது ஏமாற்று. தெரிந்த பிறகு மா கட்டினால் அது கொடுமை. இரண்டும் என்னால் முடியாது. இனி நான் அந்த வீட்டு மாப்பிள்ளை இல்லை.

மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் எழுத முடியவில்லை.

பிண்ணாக்கைக் குறைத்துப் போடுங்கள். வெயில் இங்கேயே இப்படி எரிக்கிறது.

சுபிமல்


ராணாகாட்
7 ஜூன் 1986

சுபிமல் பாபுவுக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணம் நல்லபடியாக நடக்க வாழ்த்துகள்.

உங்கள் மாமியாராக இருந்தவரிடம் சொல்லிவிட்டேன். அப்போது அவள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள், உரித்து முடித்தாள். அப்புறம் எழுந்து போய் விசிறியைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டாள். எனக்கு எட்டாது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் எட்டாது, ஸ்டூல் போட்டு ஏறினாள்.

நீங்கள் சஷ்டிக்கு வர வேண்டாம். விடுப்புக் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம். உங்கள் தாயாரின் முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

குளம் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. ஜமீன்தார் எங்கே போனாலும் எனக்குத் தெரிகிறது, ஒளிய இடமில்லை. இருந்தும் தூண்டிலைத் தொட மாட்டேன் என்கிறான். வீட்டில் இருக்கும் பிண்ணாக்கு ஒரு கூடை முழுக்க ஊற வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் கொட்டி, மறுநாள் காலையில் அவனைப் பிடித்து, நானே வெட்டி, நானே தலையைத் தின்னப் போகிறேன். மாப்பிள்ளை இல்லாத வீட்டில் தலையை யாராவது தின்றுதானே ஆக வேண்டும்?

எனக்கு உடம்பு அசந்துபோய்விட்டது. இனி எழுத ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
பிரபோத் காஞ்சிலால்


துர்காபூர்
17 ஜூன் 1986

மரியாதைக்குரிய பாபாவுக்கு,

வணக்கம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். இரண்டு தோளும் தூக்க முடியவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா? குளத்துத் தண்ணீர் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது? இன்னும் பச்சையும் கறுப்புமாக நாறுகிறதா? சுண்ணாம்பு கரைத்து ஊற்றச் சொன்னேனே, செய்தீர்களா? முக்கியமாக, ஜமீன்தார் இருக்கிறாரா?

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். சஷ்டிக்காக வரவில்லை. வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் மதித்தேன். ஆனால் ஒரு கூடைப் பிண்ணாக்கு, முழங்கால் தண்ணீர் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கடிதம் கைக்கு வந்ததே பன்னிரண்டாம் தேதி மதியம். கூடையைத் தடுக்க நேரமில்லை. அப்படியே கிளம்பி, பண்டேலில் வண்டி மாறி, மறுநாள் விடிய வந்து சேர்ந்தேன்.

வாசலில் மா மட்டும் நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "குளத்துல நிக்கிறார், கூப்பிட்டா வரல, போய்ப் பாரு" என்றார். வந்து பார்த்தால் குளம் முழுக்க மூச்சுக்காக மேலே வந்த மீன் வாய். காற்றே இல்லை, வானம் மூடிக் கிடந்தது. குஞ்சுகளெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. நீங்கள் வேட்டியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, சேற்றில் நின்று, மூங்கிலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீருக்குக் காற்று ஏற்ற வேறு வழி இல்லைதான். உங்கள் காலுக்குப் பக்கத்திலேயே ஜமீன்தார் வாயைப் பிளந்து கிடந்தார். குனிந்தால் இரண்டு கையால் தூக்கியிருக்கலாம். இத்தனை நாள் முசுறு முட்டையும் நெய்யும் போட்டுத் தேடிய மீன். "பாபா, அதோ!" என்று கத்தினேன். "மூச்சு வாங்குறவனைப் பிடிக்கிறதா? நீ வந்து அந்தப் பக்கம் அடி" என்றீர்கள்.

பிறகு நாம் இருவரும் அடித்தோம். கோபேன் பிஸ்வாஸ்கூட வேலி தாண்டி வந்து, இளிக்காமல், குழாய்த் தண்ணீர் அடித்துக் குடம் குடமாக ஊற்றினார். மதியத்துக்கு மேல்தான் காற்று வந்தது.

மா முட்டைக் குழம்பு வைத்திருந்தார். மீன் இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், பலகை போடவில்லை. விசிறி பீரோ மேலேயே இருந்தது. மா என் கையில் கயிறு கட்டவில்லை. அதுதான் சரி, நானே மாப்பிள்ளை இல்லை என்று எழுதியவன். ஆனாலும் ரயிலில் திரும்பும்போது என் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அழுகை வந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

தண்ணீர் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

சுபிமல்


துர்கை துணை
ராணாகாட்
25 ஜூன் 1986

சுபிமல்,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த அன்னைக்கே மழையும் வந்துச்சு. விடாம ஊத்துது. குளம் மறுபடி இடுப்புக்கு ஏறிடுச்சு, நாத்தம் போச்சு. சுண்ணாம்பு கரைச்சு ஊத்தினேன், நீ சொன்ன அளவுதான், என் கணக்கு இல்ல. தோள்பட்டைக்கு உன் மாமியார் கடுகெண்ணெயில பூண்டு காய்ச்சித் தேய்க்கிறா. தேய்க்கும்போது, "குளத்தையே கொன்னுட்டு வந்து தோள் வலிக்குதாம் தோள்"னு திட்டறா. அவ வாயைத் திறந்து திட்டி எத்தனை நாளாச்சு! நான் குப்புறப் படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

ஜமீன்தார் இருக்கான். நேத்து மழையில மேல வந்து ஒரு புரட்டு புரண்டுட்டுப் போனான். இனிமே அவனுக்குத் தூண்டில் போட மாட்டேன். இரையும் கிடையாது. அவனே மேஞ்சு பொழைச்சுக்கட்டும். நான் பாசம் வச்சா அளவு தெரியாமக் கொட்டிடறேன், அப்புறம் எதிராளி மூச்சு முட்டி நிக்கிறான். மீன் மட்டும் இல்ல, உன்னையும்தான் சொல்றேன்.

உன் மாமியார் ஏன் கயிறு கட்டலன்னு நீ போன பிறகு கேட்டேன். மனசு வரலியான்னு கேட்டேன். அவ என்னை முட்டாளைப் பாக்கிற மாதிரி பாத்தா. "கல்யாணம் நிச்சயமான பையன். இப்போ ஒத்தையில கட்டினா அது பாதி வாழ்த்து. ஜோடியா வந்து உக்காரட்டும், ரெண்டு பேர் கையிலயும் கட்டறேன்"ங்கிறா. சாமி அலமாரியைத் திறந்து காட்டினா. மஞ்சள்ல நனைச்ச கயிறு ரெண்டு, வெத்தலையில சுத்தி வச்சிருக்கா. சஷ்டிக்கு முந்தின நாளே நனைச்சு வச்சிருக்கா, எனக்குத் தெரியாது. நான் அன்னைக்கு அந்தக் கூடையைத் தூக்கிக்கிட்டு குளத்துக்குப் போயிட்டிருந்தேன்.

ஒரு ஏற்பாடு சொல்றேன், கேளு. அடுத்த வருஷத்துல இருந்து உனக்கு பாங்குராவுல ஒரு மாமியார் இருப்பாங்க. சஷ்டி நாள் அவங்களுக்குத்தான், அதுதான் நியாயம். மீன் தலையும் அங்கேயே சாப்பிடு. மறுநாள் ரெண்டு பேரும் இங்க வாங்க. வால் துண்டு இருக்கும். முள்ளு ஜாஸ்தி, ஆனா உனக்கு அதுதான் பிடிக்கும்னு டுலி சொல்லியிருக்கா, மரியாதைக்காக நீ தலையைத் தின்னுக்கிட்டிருந்தியாம். கடை மீனாத்தான் இருக்கும், அதுக்காக என்னைக் கேலி பண்ணக் கூடாது.

கல்யாணத்துக்கு நாங்க வர மாட்டோம். கூப்பிடாதே. அவ்வளவு தெம்பு எங்க ரெண்டு பேருக்கும் இல்ல. கோபம்னு நினைச்சுக்காதே.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாலு கடிதம் எழுதிட்டோம், நீயும் சொல்லல, நானும் கேக்கல. அந்தப் பொண்ணு பேரு என்ன? உன் மாமியார் தினம் சாயங்காலம் விளக்கு ஏத்தும்போது பேர் சொல்லி வேண்டிக்குவா, உனக்குத்தான் தெரியுமே. உன் பேரைச் சொல்லிட்டு அப்புறம் நின்னுடறா. பேர் தெரியாம எப்படி வேண்டிக்கிறதுன்னு நேத்து என்கிட்ட வந்து கேட்டா. பதில்ல வேற ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்ல, பேரை எழுது. ரெண்டு வருஷமா இந்த வீட்டுல போன பொண்ணு பேரையே சொல்லிச் சொல்லி எங்க வாய் ஓஞ்சு போச்சு சுபிமல். கூப்பிட்டா "என்னம்மா"ன்னு கேக்கிற மாதிரி ஒரு பேரு எங்களுக்கும் வேணும்.

உன் பாபா